நேராக வைத்த கட்டை

"தெனமுமா?"

"தெனமும்னு சொல்லிட முடியாது. ஞாயித்துக்கிழமை நீ வீட்லயே இருப்ப. அன்னிக்கி எப்படி அதுகிட்ட போறது?"

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல, நீ காலைல கம்பெனி பஸ் ஏறினதும் தளத்தி வுட்ருவேன். சாயங்காலம் நீ வர்றதுக்குள்ள பழையபடி முறுக்கி வெச்சிருவேன். எப்படி இருந்துதோ அப்படியே."

"அப்படியேன்னு உனுக்கு எப்படிப்பா தெரியும்?"

"கைக்குத் தெரியாதா? தறில பாவு இழுத்துக் கட்ற கை இது."

சங்கரி தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் அவள் வேலை பார்க்கும் செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் அன்று ஏதோ இயந்திரம் நின்றுபோய், மதியமே எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது, அப்பா பஞ்சாட்சரம் தறியை விட்டு எழுந்து வந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிட்டாரை மடியில் கிடத்தி, அதன் முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். பிடிபட்டவர் முகமாக அது இல்லை. சாப்பிடும்போது விருந்தாளி வந்தால் எப்படி நிமிர்ந்து பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார்.

"நீ பாட்டுக்கு இழுத்துக் கட்டிட்டுப் போயிடற. பகல் பூரா அது விறைச்சிக்கினு கெடக்குது. நெய்ய ஆள் இல்லாத தறிய எவனாச்சும் இழுத்துக் கட்டி வெப்பானா? அமாவாசைக்கு லீவு வுட்டா, கயித்தத் தளத்திட்டுத்தான் நான் எழுந்துப்பேன். பாவுன்னாலும் சரி, தந்தின்னாலும் சரி, இழுபட்டுக்கினே இருந்தா அறுந்துதான் போவும்."

"நான் அப்பவே சொன்னேன், அடுத்தவங்க பொருள் மேல கை வெக்காதன்னு" என்றாள் அம்மா கலாவதி. அவள் ராட்டினத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்ப சொன்ன?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

சங்கரி பையை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். தந்திகள் தொய்ந்து கிடந்தன. தந்திகளுக்கு அடியில், கிட்டாரின் மார்பின் குறுக்கே, விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு மரக்கட்டை உண்டு. தந்திகளைத் தூக்கிப் பிடிப்பது அதுதான். வீணை வாசிக்கிறவர்கள் குதிரை என்பார்கள், இவள் பிரிட்ஜ் என்பாள். அவள் விரல் பட்டதும் அது வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

"இது ஒட்டியே இல்லியா?" என்றாள்.

"ஒட்டல. சும்மாத்தான் நிக்குது. தந்தி அமுக்கறதுல நிக்குது. மொத நாளு நான் தளத்தினப்பவே நவுந்து போச்சு" என்றார் பஞ்சாட்சரம். பிறகு, பாராட்டை எதிர்பார்க்கிறவர் குரலில் சொன்னார்: "அப்பத்தான் பாத்தேன், அது கோணலா நின்னுக்கினு இருந்துது. வலது பக்கம் ஏறி, எடது பக்கம் எறங்கி. எவனோ கவனமில்லாம வெச்சிருக்கான். நான் ஸ்கேல் வெச்சு நேரா நிறுத்தினேன். அதுலருந்து தெனமும் ஸ்கேல் வெச்சுத்தான் நிறுத்தறேன்."

தறியில் ஊடையை அடித்துச் சேர்க்கிற அச்சு, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளுக்கு நேர் குறுக்காக நிற்க வேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் சேலை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். குறுக்கே கோணலாக எதைப் பார்த்தாலும் அதை நேராக்காமல் பஞ்சாட்சரத்தால் உட்கார முடியாது. கல்யாண வீட்டில் சாப்பிடப் போனால் பந்தி இலையைக்கூட நகர்த்தி வைப்பார்.

சங்கரி பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

கிட்டார் அவளுடையது இல்லை. சின்ன காஞ்சிபுரத்து ஸௌம்யா டீச்சருடையது. இன்னும் சரியாகச் சொன்னால், டீச்சருடைய அப்பா பாச்சாவுடையது. அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை பஞ்சாட்சரத்திடம் நெய்யச் சொல்லியிருந்த டீச்சர், அது தறியில் எப்படி வருகிறது என்று பார்க்க வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த சங்கரியின் மலிவான கிட்டாரைப் பார்த்தார். இது யார் வாசிக்கறா என்று கேட்டார். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஃபோனில் பார்த்துக் கற்றுக்கொண்டதை, வெட்கத்தில் கொஞ்சம் வேகமாகவே சங்கரி வாசித்தாள். அடுத்த முறை வந்தபோது டீச்சர் ஆட்டோவிலிருந்து போர்வை சுற்றிய ஒரு பொருளை இறக்கினார்.

"எங்காத்துல பரண்ல கிடக்கு. நீ வெச்சு வாசி. சும்மாக் கிடந்தா வாத்தியம் ஊமையாப் போயிடுமாம், எங்கப்பா சொல்லுவார்."

பாச்சா வங்கியில் வேலை பார்த்தவர். வார நாட்களில் நெற்றி நிறைய திருமண்ணோடு கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி, ஹோட்டல் வாசலில் கைக்குட்டையை நனைத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அங்கே நடனக்கூடத்து பாண்டு வாத்தியக் குழுவில் ஜாஸ் கிட்டார் வாசிப்பார். ஞாயிறு காலை திரும்பிக் குளித்து மறுபடி திருமண் இட்டுக்கொள்வார். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்திய வாத்தியக்காரரிடமிருந்து வாங்கிய கிட்டார் அது. அப்போதே அது பழையது. தலைப்பகுதியில் சிப்பியில் பதித்திருந்த பெயரில் பாதி எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன.

போர்வையை விலக்கிப் பெட்டியைத் திறந்ததும் கலாவதிதான் முதலில் பேசினாள். "மாம்பழக் கலர் ஒடம்பு, அரக்கு பார்டர்" என்றாள். உண்மைதான். நடுவில் பழுத்த மஞ்சள், ஓரம் போகப் போகச் சிவந்து, விளிம்பில் கிட்டத்தட்டக் கறுப்பு. ஒரு நிறம் எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண் ஒருமுறை கேட்டாள். புதுசாகவே ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றாள். சாதாரண கிட்டாருக்குப் பானை வயிறு. அணைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வலது கை மேலே தொங்கும். இது மெலிசு, ஒட்டிய வயிறு. மேல் பலகை தட்டையாக இல்லாமல் நடுவில் லேசாக மேடிட்டு ஓரங்களில் தாழும், உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்த மாதிரி. வட்டமான ஓட்டைக்குப் பதிலாக, வயலினுக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் வளைந்த நீளத் துளைகள். இதையெல்லாம் சொல்லிவிடலாம். சொல்ல முடியாதது சத்தம். அவளுடைய பழைய கிட்டாரில் ஒரு தந்தியைத் தட்டினால் கோயில் மணி மாதிரி அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும், அடுத்ததைத் தட்டும்போது முந்தையது இன்னும் போயிருக்காது. இதில் ஒவ்வொரு சுரமும் வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, நின்றுவிடும். காய்ந்த மரத்தின் சத்தம். அதற்கப்புறம் வருகிற மௌனமும் பாட்டிலேயே சேர்ந்ததுதான் என்று அவளுக்கு இந்தக் கிட்டாரில்தான் தெரிந்தது. நாலு சுரம் ஒன்றாக ஒலிக்க நாலு விரலும் நாலு பக்கம் போகிற ஜாஸ் கார்டுகள், பழைய கிட்டாரில் கூட்ட இரைச்சலாகக் கேட்டவை, இதில் நாலு பேர் தணிந்த குரலில் பேசிக்கொள்வதுபோலக் கேட்டன. மின்சாரத்தில் மாட்டாமல் வாசித்தால் பக்கத்துத் தறியில் இருப்பவருக்குக்கூட இடைஞ்சல் இல்லை.

"அது கத்தாது" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

ஆனால் நாளாக ஆக அது கெடத் தொடங்கியது. தினமும் சாயங்காலம் எடுத்தால் சுருதி கலைந்திருக்கும். வெயில் என்று நினைத்தாள். சுருதி கூட்டிவிட்டாலும், கழுத்தில் கீழே வாசிப்பது மட்டும்தான் சேர்ந்தது. மேலே போகப் போக மெல்லிய தந்திகள் கொஞ்சம் இறங்கி, தடித்த தந்திகள் கொஞ்சம் ஏறி, கார்டு சுருதி சேராமல் புளித்தது. கழுத்து வளைந்திருக்கும் என்று முடிவு கட்டினாள். டீச்சர் ஃபோனில் விசாரித்தபோது அதையே சொன்னாள்.

டீச்சர் அதைப் பெங்களூரில் இருக்கும் தன் அண்ணன் ஸுதர்சனிடம் சொல்லியிருக்கிறார். வைகாசி கருட சேவைக்கு அவர் வருஷா வருஷம் ஊருக்கு வருவார். அவர் சொன்ன பதிலை டீச்சர் அப்படியே சங்கரியிடம் ஒப்பித்தார்: "அண்ணா வந்து பாக்கறேங்கறான். நன்னா இருந்தா எடுத்துண்டு போய் அவன் ஆத்து ஹால்ல வெச்சுப்பானாம். கெட்டுப்போயிருந்தா அந்தப் பொண்ணே வெச்சுக்கட்டும், நமக்கென்னங்கறான்."

அவர் வந்து பார்க்கப்போவது கருட சேவை நாளன்றுதான்.

பாயில் உட்கார்ந்தபடி தேடியபோது, கட்டை முதலில் நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இத்தனை வருஷம் வெளிச்சம் படாமல் அதன் அடியில் மூடிக் கிடந்த வார்னிஷ், சுற்றியுள்ளதைவிடக் கொஞ்சம் அழுத்தமான நிறத்தில் இருந்தது. இதற்கு முன் அதைக் கீறல் என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் இரண்டு பாதத் தடங்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். தடித்த தந்திக்கு நீளம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், மெல்லியதற்குக் குறைவாக. கோணல் கவனக்குறைவு இல்லை. யாரோ காது கொடுத்துக் கேட்டு அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அவளுடைய பழைய கிட்டாரில் அந்தக் கட்டை பசை போட்டு ஒட்டியிருந்ததால், இங்கே அது நகரும் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை.

தடத்தின் மேல் கட்டையை வைத்து, தந்திகளை முறுக்கி, சுருதி சேர்த்தாள். கழுத்தின் நடுவில் ஒரு கார்டைப் பிடித்து, கட்டை விரலால் மெதுவாக ஒரு தடவை இழுத்தாள்.

கலாவதியின் ராட்டினம் நின்றது.

இன்னும் மேலே போனாள். இன்னும் மேலே. எங்கேயும் புளிக்கவில்லை. ஃபோனில் கேட்டு மனப்பாடமாகியிருந்த ஒரு மெதுவான பாட்டை, இத்தனை நாளும் பாதியில் விட்டுவிடுகிற இடத்தைத் தாண்டி, முடிவு வரை வாசித்தாள்.

"இப்ப சரியா இருக்குதா?" என்றார் பஞ்சாட்சரம்.

"இருக்குது."

"அப்ப போச்சு."

பஞ்சாட்சரம் எழுந்து தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். ஊடை இழையை ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தார். நெய்யவில்லை.

"நான் சொல்றத கேளு. அவுரு வர்ற வரைக்கும் நேராவே வெச்சிரு. அவுரே சொல்லட்டும் கெட்டுப்போச்சுன்னு. நீயா பொய் சொல்லப் போற?"

"வாயால சொன்னாத்தான் பொய்யாப்பா?"

"பின்ன எதால சொல்லுவாங்க? பெங்களூர்ல என்ன, அவுரு வாசிக்கவா போறாரு? ஹால்ல மாட்டுவாரு. வர்றவன் போறவன் பாப்பான். இங்கன்னா தெனமும் வாசிக்கற. சும்மாக் கெடந்தா ஊமையாப் போயிடும்னு அந்தப் பெரியவரே சொன்னாராம்ல?"

"நீ தளத்தி வெச்சதுக்கு ஞாயம் பேசறியா?" என்றாள் கலாவதி.

"நான் நேரா வெச்சது அவளுக்கு நல்லதாத்தான முடிஞ்சிருக்குது? அதச் சொன்னா குத்தமா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடச் சங்கரியால் தள்ள முடியவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கருட சேவைக்கு முதல் நாள் வரை தினமும் சாயங்காலம் கட்டையைத் தடத்தின் மேல் வைத்து வாசித்தாள். காலையில் தானே பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனாள். பஞ்சாட்சரம் தொடவில்லை. தொய்வில்லாமல் விறைத்துக் கிடக்கும் அதைப் பற்றிய கவலை மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது.

கருட சேவை அன்று காலை, ஊர்வலத்துக்காகத் தெருக்களை அடைத்த பிறகு, அவளே தந்திகளைத் தளர்த்தினாள். ஸ்கேல் வேண்டுமா என்று பஞ்சாட்சரம் கேட்டார். வேண்டாம் என்றாள். கட்டையை நேராக வைத்து முறுக்கினாள்.

ஸுதர்சனும் ஸௌம்யா டீச்சரும் வெயில் தாழ்ந்து வந்தார்கள். ஆட்டோ எதுவும் ஓடாததால் நடந்தே வந்திருந்தார்கள். ஸுதர்சனுக்கு அறுபதுக்குள் இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கலாவதி கொடுத்த மோரை நின்றுகொண்டே குடித்தார். தறியைப் பார்த்ததும் கிட்டாரை மறந்தவர்போல அதன் பக்கத்தில் போய் நின்றார்.

"இவ்வளவு இழையும் கையாலதான் கோக்கறேளா?"

"கையாலதாங்க. உங்க தங்கச்சி மகளுக்குக் கட்டினது இதுல நெஞ்சதுதான்."

"கல்யாணத்துல எல்லாரும் அந்தப் புடவையத்தான் பேசினா. மாப்பிள்ளையப் பத்தி ஒருத்தரும் பேசலை."

பஞ்சாட்சரம் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். நல்ல மனிதராகத்தான் இருந்தார். கெட்டவராக இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்று சங்கரி நினைத்துக்கொண்டாள்.

"வாசிம்மா, கேப்போம்" என்றார் ஸுதர்சன். அவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். டீச்சர் கலாவதிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

சங்கரி வாசித்தாள். முதல் சில அடிகள் கழுத்தின் கீழ்ப்பகுதியிலேயே நடப்பவை. அவை தப்பித்துக்கொண்டன. ஸுதர்சன் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார். பிறகு பாட்டு மேலே ஏறியது. முதல் கார்டு புளித்ததும் அவருடைய புருவம் நெரிந்தது. இரண்டாவதில் டீச்சரும் நிமிர்ந்து பார்த்தார். சங்கரி பாதியில் நிறுத்தினாள். அங்கே நிறுத்துவது என்று முன்பே தீர்மானித்திருந்தாள்.

"ஆமா. போயிடுத்து" என்றார் ஸுதர்சன்.



"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா அப்பா வாசிச்சுக் கேட்டுக் கேட்டு, தப்புன்னா தெரிஞ்சுடும். பக்கத்து ரூம்ல தூங்கிண்டு இருந்தாக்கூடத் தெரிஞ்சுடும்." அவர் தங்கையைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்கு விளங்காத இடத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். "பரண்ல வெச்சியே, ஓட்டுக்கு நேர் கீழயா?"

"ஆமாண்ணா" என்றார் டீச்சர்.

"அந்தச் சூட்டுல மரம் என்ன ஆகும்? அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கார், வெயில் படாம வை, படாம வைன்னு."

"எனக்குத் தோணவே இல்லண்ணா. கல்யாண வேலைல இடமே இல்ல ஆத்துல. தூக்கி மேல போட்டுட்டேன்." டீச்சர் பாயின் கோரையை விரலால் நெருடினார். "நான்தான் கெடுத்துட்டேன். அப்பா அத என்னண்டை கொடுத்துட்டுப் போனார். உன்னண்டை கொடுத்திருக்கணும்."

"விடு. போனது போயிடுத்து. நான் ஒண்ணும் சொல்லலை." நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நீயே வெச்சுக்கோம்மா. கெட்டுப்போனாலும் ஏதோ வாசிக்கறியே. அது போதும்."

நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது. தறிக்குழியிலிருந்து பஞ்சாட்சரம் மெல்லிசாக ஒரு பெருமூச்சு விட்டது சங்கரிக்குக் கேட்டது. கலாவதி எழுந்து மோர்த் தம்ளர்களைச் சேர்த்தாள். டீச்சர் மட்டும் அப்படியே உட்கார்ந்து, கோரையை நெருடிக்கொண்டிருந்தார். வகுப்பில் விடைத்தாளைத் திருத்தித் தருகிறவர், தானே குறைந்த மதிப்பெண் வாங்கின மாதிரி.

வாயால் சொல்லாவிட்டால் பொய் இல்லை என்று அப்பா சொன்னார். இப்போது டீச்சர் அதை வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார், சங்கரிக்காக.

"டீச்சர், பரண்ல ஒண்ணும் ஆவல" என்றாள்.

பஞ்சாட்சரம் இருமினார்.

"என்னம்மா?"

"கழுத்து வளையல. நீங்க கெடுக்கல. இதோ, இந்தக் கட்டை எடம் மாறிக் கெடக்குது. எங்கப்பா நல்லதுன்னு நெனச்சு தெனமும் தந்திய தளத்தி வெச்சாரு, தறிக்குத் தளத்தற மாதிரி. அதுல நவுந்துது. கோணலா இருக்குதேன்னு நேராவும் வெச்சாரு. அவுருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இன்னிக்கி இப்படி வெச்சேன்."

ஸுதர்சன் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார். பஞ்சாட்சரம் கையில் இருந்த நாடாவைப் பார்த்தார்.

"நேராத்தான் வெச்சேங்க" என்றார் அவர். "ஸ்கேல் வெச்சு."

சங்கரி முறுக்காணிகளைத் தளர்த்தினாள். தெருவில் எங்கோ தூரத்தில் கருட சேவைக் கூட்டத்திலிருந்து திரும்புகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. கட்டையைத் தடத்தின் மேல் தள்ளி, ஒரு பாதம் முன்னால், ஒரு பாதம் பின்னால் பொருந்தியதா என்று குனிந்து பார்த்தாள். டீச்சரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அந்த அழுத்தமான நிறத் தடத்தை அவரும் விரலால் தொட்டார். தந்திகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அவசரப்பட்டால் அறுந்துவிடும் என்பதால் சங்கரி அவசரப்படவில்லை. அவசரப்படாததற்கு அது மட்டும் காரணமில்லை.

முதலிலிருந்து வாசித்தாள். முன்பு நிறுத்திய இடம் வந்தது. அதைத் தாண்டிப் போனாள். ஒவ்வொரு கார்டும் வந்தது, சொன்னது, நின்றது. நடுவில் ஓரிடத்தில் அவள் விரல் தப்பியது. அது அவளுடைய தப்பு, கிட்டாருடையது இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்படியாகத்தான் கேட்டது.

முடித்தபோது ஸுதர்சன் நாற்காலியில் பின்னால் சாய்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரச் சட்டை ஆதலால் கண்ணாடி இன்னும் மங்கியது. அதை அவர் கவனிக்கவில்லை.

"மொத கார்டுக்கு அப்புறம் கொஞ்சம் நிறுத்தினியே, அது யார் சொல்லிக் கொடுத்தா?" என்றார்.

"யாரும் சொல்லல சார். இதுல அப்படித்தான் வருது."

"அப்பாவும் அங்க நிறுத்துவார்."

அவர் எழுந்து வந்து கையை நீட்டினார். சங்கரி கிட்டாரைக் கொடுத்தாள். ஸுதர்சனுக்கு அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. கழுத்தில் ஒரு கையும் அடியில் ஒரு கையுமாக, பிறந்த பிள்ளையை வாங்குகிறவர்போல வாங்கிக்கொண்டார். பலகையின் மேட்டில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு வாசல் பக்கம் வெளிச்சத்தில் திருப்பி, உதிர்ந்துபோன எழுத்துகளைப் பார்த்தார்.

"நன்னாத்தான் இருக்கு" என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

நன்றாக இருந்தால் எடுத்துக்கொண்டு போவதாகத்தான் பேச்சு. அதை யாரும் அங்கே நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. கலாவதி சுவரோரம் இருந்த பெட்டியைக் கொண்டுவந்து, திறந்து, பாயில் வைத்தாள். உள்ளே சங்கரி விரித்திருந்த பழைய பட்டுத் துண்டை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் மகளைப் பார்த்தாள். சங்கரி அதைப் பார்க்கவில்லை. அவள் ஸுதர்சனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை விரல் தற்செயலாகத் தடித்த தந்தியில் பட்டு, ஒரே ஒரு சுரம் எழுந்து, நின்றது.

"அண்ணா" என்றார் டீச்சர்.

ஸுதர்சன் பெட்டியருகே போய் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தார். பஞ்சாட்சரம் குழியிலிருந்து காலை எடுத்து எழுந்து நின்றார். இப்போது இருமவில்லை.

"சார்" என்றாள் சங்கரி.

அவர் கிட்டாரைப் பெட்டிக்கு மேலே பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"கெட்டுப்போயிருந்தா எனக்குக் குடுக்கறேன்னு சொன்னீங்க. நல்லா இருக்கறப்பவே குடுங்களேன்."